கதவு தெறந்தே கெடக்கட்டும்

தூங்குற மாதிரி கெடக்குறதுல இருக்குற கஷ்டம் தூங்குறவுகளுக்கு எங்க தெரியும். கண்ண மூடுனா காது தெறந்துக்கிருது, காத அடக்குனா கண்ணு தெறந்துக்கிருது, ரெண்டையும் சேத்து அமுக்குனா இந்தக் கப்பலு அடிவயித்துல உர்ருங்குது. உள்ள கெடந்து என்னத்தத்தான் அரைக்கிறானோ. எங்க கடை கிரைண்டரு இப்பிடித்தான் உர்ருங்கும், ஆனா அது அரைச்சா இட்லி வரும், இது அரைச்சா எனக்குக் கிறுகிறுப்புத்தான் வருது. மத்தியானச் சோத்தத் தின்னுட்டு வந்து படுத்தது. பேரு தெரியாத வெஞ்சனம் எத்தனை இருந்துச்சு, எல்லாத்துலயும் ஒரு வாய் வச்சேன், ஒண்ணுலயும் உப்பு இல்ல. இம்புட்டு உப்புத் தண்ணிக்கு நடுவுல ஓட்டுறானுக, சோத்துக்கு ஒரு கல்லு உப்புக்குப் பஞ்சம். சரி, அதை விடு. கதவு தெறந்து கெடக்கு. அதைத்தான் பாக்கணும், உப்பப் பத்தி என்ன இப்ப. பால்கனிக் கதவு. தரையில இருந்து உச்சி வரைக்கும் கண்ணாடி, அதை முழுசா ஒதுக்கி விட்டுட்டுப் படுத்துருக்காரு எங்க வீட்டுக்காரரு. கடலு வாசல்ல வந்து நிக்குது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உள்ள எட்டி எட்டிப் பாக்குது. கதவு, கதவுக்கு இங்கிட்டு இவுக, இவுகளுக்கு இங்கிட்டு நானு. நடுவுல நான் படுக்குறேன்னு எம்புட்டுச் சொன்னேன். "எனக்குக் காத்து வேணும்த்தா, நீ அந்தாண்ட படு"ன்னு தலகாணிய எடுத்துப் போட்டுக்கிட்டு கதவோரமாச் சாஞ்சிருச்சு மனுசன். அதனால என்ன, எங்கையில நாடா இருக்கு. இருக்கா. இருக்கு. இழுத்துப் பாக்கலாமா. வேணாம், முழிச்சிருவாக.

இந்தக் கப்பலுக்கு நாங்களா வரல. ஆடித் தள்ளுபடியில எம்மக செல்வராணி ஒரு சேலை எடுத்தா, பில்லோட ஒரு கூப்பன் குடுத்தாங்கெ, எழுதிப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டா. எனக்குன்னு ஒரு குலுக்கல்லயும் ஒரு பிளாஸ்டிக் டப்பா விழுந்தது கெடையாது, எம்மக பேருக்குக் கப்பலே விழுந்துருச்சு. "எனக்கு ஸ்கூல்ல லீவு குடுக்க மாட்டாகம்மா, நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க, அப்பாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்"னா. மாறுதலாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து கடல்ல கொண்டாந்து விட்டா மாறுதல்தான, பின்ன என்ன. நைட்டியும் சுடிதாருமா வச்சு அடைச்சு விட்டுட்டா பொட்டியில. சேலை ஒண்ணே ஒண்ணு, அதுவும் பட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் போகையில கட்டணுமாம். இருக்குற நைட்டியில முந்தானைக்கு எங்க போக. வீட்டுல இருந்தா முந்தானையக் கட்டியிருப்பேன். இங்க என்ன இருக்குன்னு ரூமெல்லாம் தேடித்தான் அந்தக் குளிக்கிற ரூமுல தொங்குற துண்டுக் கோட்டப் பாத்தேன், வெள்ளையா, மொத்தமா, கரடி தோல உரிச்சு மாட்டுன மாதிரி. அதுல ஒரு நாடா. நல்ல நாடா, கன்னுக்குட்டி கட்டலாம். உருவிக்கிட்டேன். சாப்புட்டு வந்து இவுக சட்டையக் கழட்டிட்டுப் படுத்தாக, நான் மெதுவா வம்பிழுத்தேன். "யோவ், கதவச் சாத்துய்யா, ஏசி நின்னுருச்சுல்ல. அந்த ரூம் பையன் காலையில சொன்னான்ல, இதத் தெறந்தா ஏசி நின்னுரும்னு." "நிக்கட்டும்." "கடக்காத்துல பிசுபிசுங்குது, நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் வெயில்ல போட்டா கருவாடாயிருவோம்." "ஆகட்டும்." "காக்கா வந்து தூக்கிட்டுப் போயிரும்யா." "கடல்ல எங்கத்தா காக்கா. கதவு தெறந்தே கெடக்கட்டும்." அம்புட்டுத்தான். எங்கிட்ட எப்பவும் நாலு பேச்சு திருப்பிப் பேசுற மனுசன். நானும் இவுகளும் பேசுறதக் கேக்குறதுக்குன்னே ரெண்டாவது டீ வாங்கிக் குடிக்கிற ஆளுக இருந்தாங்கெ. இப்ப ஒரு வார்த்தையில வெட்டிட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துருச்சு. எதுக்கு தெறந்தே கெடக்கணும். வேற நாளா இருந்தா காத்துக்குன்னு நம்பியிருப்பேன். இன்னிக்கு விடியக்காலம் நடந்ததுக்குப் பெறகு எப்பிடி நம்ப.

நடக்கும். இதான் விசயம். எங்க வீட்டுக்காரரு தவசி, ஊரு பஸ் ஸ்டாண்டுல இட்லிக்கடை தவசின்னா தெரியாத டிரைவரு கெடையாது, இப்ப தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறாரு. மின்னாடி இல்ல. பஸ் ஸ்டாண்டப் பெருசாக்குறோம்னு கடைகள எல்லாம் எடுக்கச் சொன்னாக, எடுத்தோம், பெறகு ஒரு மிசினு வந்து ஒரு தள்ளு தள்ளுச்சு, எங்க கடை செவுரு பழைய புட்டு மாதிரி உதுந்துச்சு. அன்னிக்கு இவுக அடுப்ப மட்டும் சைக்கிள்ல கட்டி வீட்டுக்குக் கொண்டாந்தாக. அந்த வாரம்தான் மொதமொதல்ல பாத்தேன், விடியறதுக்கு மின்னாடி எந்திரிச்சு, கண்ணு தெறந்திருக்கு, ஆனா உள்ள ஆளில்ல, வாசல்ல போயி குனிஞ்சு ரெண்டு கையையும் தரையோட வச்சு என்னமோ தூக்குறாக. எனக்கு மொதல்ல சிரிப்பு. "என்னய்யா கோலம் போடப் போறியா"ன்னுகூடக் கேட்டேன். பெறகுதான் வெளங்குச்சு. ஷட்டரு. இல்லாத ஷட்டரத் தூக்குறாக. தூக்கி மேல தள்ளி விட்டுட்டு, இடது கால எடுத்து ஒரு தாண்டு தாண்டுனாக. எங்க கடைக்கு உள்ள போக வழி கெடையாது, மின்னாடி பூரா தோசைக்கல்லு மேடை, அந்த மேடையத் தாண்டித்தான் உள்ள போகணும், காலம் பூரா தாண்டுன காலு. ரெண்டு வேளையும் அப்பிடித்தான், விடியக்காலம் ஒருக்கா, மத்தியானம் கண்ணசந்து எந்திரிச்சு சாயங்காலக் கடைக்கு ஒருக்கா. தூக்கத்துலயும் ரெண்டு வேளை. லீவே போட மாட்டாக. அதட்டி எழுப்புனா கிறுக்கு புடிச்சிரும்னு எங்க தெருவுல ஒருத்தி சொன்னா, அவ சொன்னதெல்லாம் நடந்திருக்கா என்ன, ஆனாலும் பயம். அதான் ஒரு யோசனை பண்ணி, கடையில சொல்ற மாதிரியே சொன்னேன், "மாவு இன்னும் புளிக்கலைய்யா, செத்த நேரம் படுங்க"ன்னு. "அப்பிடியா"ன்னுட்டு வந்து படுத்துட்டாக, குழந்தைப்புள்ள மாதிரி. அன்னியில இருந்து அதான் மந்திரம். ஒருநா தெருமுக்கு வரைக்கும் போயிட்டாக, அங்கயும் போயிச் சொன்னேன், மாவு புளிக்கலைய்யா. வந்தாக. கூட்டியாந்து படுக்க வச்சு, காலெல்லாம் மண்ணு, ஈரத்துணியால தொடைச்சு விட்டேன். காலையில தெரியக்கூடாதுல்ல. தெரிஞ்சா அந்த மனுசன் படுக்கவே மாட்டாரு. ஊரெல்லாம் பாக்க அவுந்த வேட்டியோட தூக்கத்துல நடந்தேன்னு தெரிஞ்சா வெளிய தலை காட்டவே மாட்டாரு. செல்வராணி, "அப்பாகிட்டச் சொல்லும்மா, டாக்டர்கிட்டப் போவோம்"ங்குறா. சொல்றேன் சொல்றேன். ஊரு உலகத்துல யாரு மொகத்துலயும் எதையும் சொல்லிருவேன் நானு. இதைச் சொல்ல வாயத் தெறந்தா ஒரு நக்கலு வந்து விழுந்துருது. அதையும் சொல்லிச் சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருறோம் ரெண்டு பேரும்.

வீட்டுல ஆனா கதவு இருந்துச்சு. பூட்டு, சாவி, சாவி எம் இடுப்புல. இங்க பூட்டாம் பூட்டு, ஒரு கைப்பிடி, அதைத் திருப்புனா கண்ணாடி நகருது, அதுக்கு அங்கிட்டு ஒரு எட்டு எடம், ஒரு தடுப்பு, தடுப்புக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடையாது. ஒண்ணும்னா ஒண்ணும் கெடையாது. ஊருல தாண்டுனா தெரு, இங்க தாண்டுனா. வேணாம், அங்கிட்டுப் போகாத, திரும்பு. தடுப்பு எனக்கு நெஞ்சு மட்டும் இருக்கு. நான் குள்ளக்கத்திரிக்கா. இவுகளுக்கு இடுப்புக்கு மேல கொஞ்சம் வரும். கடை மேடை எம்புட்டு ஒசரம். மேடையில நான் கைய ஊனி நிப்பேன், இங்கன வரும், இல்ல இங்கன, நைட்டி பட்டனுக்குக் கீழ. அப்ப இதவிட அது கொறச்சல்தான். கொறச்சலா. கடையில மேடைக்குக் கீழ ஒரு கல்லு கெடக்கும், அதுல வலது கால வச்சுத்தான் தாண்டுவாக. அந்தக் கல்லுக்குப் பதிலா பால்கனியில ரெண்டு நாற்காலி கெடந்துச்சு, அதை நான் நேத்தே உள்ள இழுத்துப் போட்டுட்டேன். "எதுக்குத்தா இதை உள்ள போடுற, நடக்கவே எடமில்ல"ன்னாக. "காத்துல பறந்துட்டா கப்பக்காரன் நம்மளத்தான் கேப்பான்"னேன். அந்த நாற்காலி யானை ஒக்காந்து அமுக்குனாலும் அசையாது, கல்லு மாதிரிக் கனக்குது, எப்பிடித்தான் இழுத்தேனோ. நாற்காலி இல்ல, அப்ப தாண்ட முடியாது. முடியாது. ஆனா சின்ன மேசை ஒண்ணு இருக்கே. மேசைய எடுத்தேனா. கீழ ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு, வரல, விட்டுட்டேன். மேசை மொழங்கால் ஒசரம். கல்லு எம்புட்டு ஒசரம். ஏன்டி பஞ்சவர்ணம், எத்தனை வருசம் அந்தக் கல்ல மிதிச்ச, அதோட ஒசரம் உனக்கு ஞாபகம் வரலயா. விடியக்காலம் நான் முழிக்கலன்னா என்ன ஆயிருக்கும். முழிச்சேன், பக்கத்துல ஆளில்ல, பாத்தா கதவுகிட்ட குனிஞ்சு நிக்கிறாக. கண்ணாடிக்கு அடியில ரெண்டு கையும். தூக்குறாக, வரல, தூக்குறாக, வரல. மந்திரத்தச் சொன்னேன். மாவு புளிக்கல. ஊருல அப்பிடியே திரும்புவாக, இங்க திரும்பல. கொஞ்ச நேரம் கதவுக் கண்ணாடியில மூஞ்சிய வச்சு வெளிய பாத்துக்கிட்டே நின்னாக. பெறகுதான் வந்து படுத்தாக. என்னத்தப் பாத்தாக. காலையில எந்திரிச்சதும், பல்லுகூட வெளக்கல, மொதப் பேச்சு, "இன்னிக்குக் கதவத் தெறந்து வச்சுப் படுப்போம்." எதுக்கு. எதுக்குன்னு கேக்குறேன். விடியக்காலம் தூக்க முடியாத ஷட்டர மத்தியானத்துக்குத் தூக்கி வச்சுட்டுப் படுத்துருக்கீகளா. இல்ல தெரிஞ்சேதானா. சீ. வாயக் கழுவு. அப்பிடியாப்பட்ட ஆளா அவுக. காலையில ரெண்டு தட்டு பூரி தின்ன மனுசன். பூரி திங்கிறவன் அதெல்லாம் நெனப்பானா. ஆனா மிசினு தள்ளுன அன்னிக்குக்கூட நல்லாத்தான் சாப்புட்டாக.

நாடாவ இழுத்துப் பாக்கலாமா. ஒரு முனை எம் மணிக்கட்டுல, இன்னொரு முனை அவுக அரைஞாண் கயித்துல. கண்ணு மூடுன பெறகு மெதுவா வேட்டி மடிப்ப வெலக்கி முடிஞ்சேன், கூச்சமாத்தான் இருந்துச்சு, இந்த வயசுல யாராச்சும் பாத்தா என்ன நெனப்பான், கப்பல்ல வந்ததும் கெழவிக்குக் கொழுப்பப் பாருன்னுதான் நெனப்பான். நல்ல முடிச்சு, மாவு மூட்டை கட்டுற முடிச்சு. நாடா அறாது. ஆனா அரைஞாணு. கறுப்புக் கயிறு, போன பங்குனிக்குக் கட்டுனது, அது எம்புட்டுத் தாங்கும். மனுசன் எடை தாங்குமா. தாங்காது. அறுந்துரும், அறுந்தா கயிறு எங்கையிலயும் மனுசன். இல்ல, அறலன்னு வச்சுக்க, அறலன்னா நான் அவுக பின்னாடி. நான் என்ன எடை, இவுகளவிட ஒரு மூட்டை அதிகம். அப்ப நான் புடிச்சு நிப்பேன். கட்டில் காலுல கட்டியிருக்கலாமோ. கட்டில் காலே இல்லாத கட்டிலு இது, பெட்டி மாதிரி தரையோட ஒட்டிக் கெடக்கு. என்ன கட்டிலுடா இது, கீழ ஒரு வெங்காயக்கூடை தள்ள முடியாது. கொறட்டை கேக்குதா. கேளு. கேக்கல. அதான் இந்தக் கதவு தெறந்ததுல எனக்குப் பெரிய தொந்தரவு, கடலு விடாமப் பேசிக்கிட்டே இருக்கு, ஒசத்தியாவும் இல்ல தாழ்த்தியாவும் இல்ல, எங்க மாமியா செத்த பெறகுகூட அவுக பேச்சு ஒரு வாரம் காதுல கேட்டுச்சே, அந்த மாதிரி. இந்தச் சத்தத்துல கொறட்டை எது, காத்து எதுன்னு எப்பிடிப் பிரிக்க. கொறட்டை இருந்தா தூக்கம், கொறட்டை நின்னா நடை, அதான் என் கணக்கு. ஊருல இருட்டுல பாக்காமயே சொல்லுவேன். இங்க பட்டப்பகல்ல பாத்துக்கிட்டே தெரியல. முதுகு தெரியுது. முதுகு ஏறி எறங்குது. ரொம்ப மெதுவா ஏறுது. தூங்குறவன் முதுகு இப்பிடியா ஏறும். சாத்திரலாம், எந்திரிச்சுப் போயி சத்தமில்லாம சாத்திரலாம். போகணும்னா நாடாவ அவுக்கணும். அவுத்த நேரம் பாத்து இவுக எந்திரிச்சா. அவுக்காமப் போனா, கதவ ஒதுக்கி விட்ட அந்தக் கோடிக்கு நாடா எட்டாது, ஒரு மொழம் கொறையுது, கட்டுன கழுதைக்குக் கம்பங்கதிரு எட்டாத மாதிரி. யாரக் கட்டியிருக்கேன் இப்ப. என்னையத்தான் கட்டியிருக்கேன். நல்லாக் கட்டுன போ. கண்ணு எரியுது. மூடாத. ராத்திரியும் தூங்கல, அதான். மூடாம, சும்மா இமைய மட்டும் எறக்கி வச்சுக்கிட்டு, நாடா கையில இருக்கு, அசைஞ்சா தெரியும், மீனு கடிச்சா தூண்டிக்காரனுக்குத் தெரியுற மாதிரி, தூண்டிக்காரன் தூங்குறதில்லையா, தூங்குவான், கையிதான் முழிச்சிருக்கும், கையி, கையில மாவு, மாவு வழியுது, யாரோ மேடைக்கு அங்கிட்டு நின்னு ரெண்டு இட்லிங்குறான், ஒரு கூட்டமே ரெண்டு ரெண்டுங்குது, அவனுக காலுக்குக் கீழ பூரா தண்ணி, தண்ணியில நின்னுக்கிட்டு கேக்குறானுக, இவுக "இந்தா வாறேன்"ங்குறாக, போகாதீக, போகாதீகய்யா, அவனுக நம்ம கஸ்டமரு இல்ல,

சுண்டுச்சு. மணிக்கட்டு. முழிச்சுட்டேன், பக்கத்துல ஆளில்ல. தலகாணி மட்டும் குழிஞ்சு கெடக்கு. நாடா நேரா நீண்டு கதவுக்கு அங்கிட்டுப் போகுது, இழுத்துக் கட்டுன கொடிக்கயிறு மாதிரி விறைப்பா. நிக்கிறாக. பால்கனியில, முதுகு எனக்கு, ரெண்டு கையும் தடுப்பு மேல. நாடா அதுக்கு மேல எட்டாது, அதான் சுண்டியிருக்கு. நான் எப்ப எந்திரிச்சேன், எப்ப வாசலுக்கு வந்தேன், தெரியல, நாற்காலியில முட்டி மொழங்கால் எரியுது, நேத்து நானே இழுத்துப் போட்ட நாற்காலி. வெயிலு மூஞ்சியில அறையுது. மேசை அந்தா இருக்கு, இவுக வலது காலுக்குப் பக்கத்துல. கத்தக்கூடாது. கத்துனா என்ன ஆகும்னு அந்தத் தெருக்காரி சொன்னா. புடிச்சு இழுத்தா உதறிருவாக. நாடாவ ரெண்டு சுத்து கையில சுத்திக்கிட்டேன்.  கடையில சொல்ற மாதிரியே சொல்லணும், சாதாரணமா, விடியக்காலம் சொன்ன மாதிரி பயந்து சொன்னா திரும்ப மாட்டாக, அதான் காலையில திரும்பல. சொன்னேன். "இந்தாருங்க. மாவு இன்னும் புளிக்கலைய்யா. செத்த நேரம் படுங்க." திரும்பல. கடலப் பாத்துக்கிட்டே நின்னாக. பெறகு சொன்னாக, "மாவே இல்லையே வர்ணம்."

வாயத் தெறந்தேன், ஒண்ணும் வரல. எனக்கு. எனக்கு வாயில ஒண்ணும் வரல. "கடையும் இல்ல"ன்னாக, இன்னமும் அங்கிட்டுப் பாத்தே. "நீ நாடாவ இழுக்காத, அரைஞாணு வயித்த அறுக்குது. நான் முழிச்சுத்தான் இருக்கேன்." "எப்ப முழிச்சீக?" "தூங்குனாத்தான முழிக்க." "கட்டையில போறவனே, அப்ப நான் நாடாவக் கட்டுனப்ப?" "தெரியும். கூசுச்சு. சிரிச்சிருவேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." நான் கதவுல சாஞ்சுக்கிட்டேன். இவுக மெதுவா திரும்புனாக. கண்ணுல ஆளு இருந்துச்சு. செவந்து போயி, உப்புப் படிஞ்சு, ஆனா உள்ள ஆளு இருந்துச்சு. "ரொம்ப நாளாவே தெரியும்த்தா. காலையில எந்திரிச்சா விரலிடுக்குல மண்ணு. நீ தொடைக்கிற, விரலிடுக்க விட்டுர்ற. கட்டில்ல படுத்தவன் காலுக்கு மண்ணு எங்கிட்டு இருந்து வரும்? நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ நக்கலடிச்சே ஓட்டிட்ட." "நீங்க கேக்க வேண்டியதுதான?" "எப்பிடிக் கேக்க. தூக்கத்துல என்ன பண்ணுனேன்னு பொண்டாட்டிகிட்டக் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு." காத்து அவுக பேச்சப் பாதி பிச்சுக்கிட்டுப் போச்சு. இன்னிக்கு விடியக்காலம் அந்தக் கண்ணாடிகிட்ட நிக்கையிலதான் முழிப்பு வந்துச்சாம், கை ரெண்டும் அடியில, மின்னாடி பூரா கடலு, பின்னாடி நான் மாவு புளிக்கலைங்குறேன். "அப்பத்தான் தெரிஞ்சுச்சு, நான் தூங்குனா இதத் தாண்டிருவேன்"னாக. எனக்குக் கோவம் வந்துருச்சு, நல்லாவே வந்துருச்சு. "அது தெரிஞ்சா கதவச் சாத்தாம ஏன்யா தெறந்து போட்ட? தெறந்தே கெடக்கட்டும்னு என்ன வீம்பு? நான் என்னென்ன நெனச்சேன்னு தெரியுமா?" இவுக எங்கையில சுத்துன நாடாவப் பாத்தாக. "சாத்துனா ஏசி ஓடும். குளுகுளுன்னு இருக்கும். இருட்டாக்கிருவ நீ. தூக்கம் வந்துரும்த்தா. தெறந்து கெடந்தா வெயிலும் சத்தமும், கண்ணு மூடாது. மூடலன்னா நடக்க மாட்டேன்ல. இப்பக்கூட கண்ணு சொக்குச்சு, அதான் எந்திரிச்சு வெயில்ல வந்து நின்னேன்."

அப்ப ரெண்டு பேரும். இவுக அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு, நான் இங்கிட்டு, ஒரே நாடாவுல ரெண்டு பக்கமும் முழிச்சுக்கிட்டு. நான் சாத்தணும்னு தவிக்க, இவுக தெறந்து வச்சுத் தவிக்க. நல்ல குடும்பம். ஓசியில கெடைச்ச கப்பல்ல ஊரே படுத்து உருளுது, நாங்க காவல் காக்குறோம், எங்களுக்கு நாங்களே. சிரிக்கணும்னு வந்துச்சு, வந்தது சிரிப்பா என்னன்னு தெரியல, மூக்கு ஒழுகிருச்சு, நாடாவுலயே தொடைச்சேன். "உள்ள வாங்க"ன்னேன். "வந்தா தூங்கிருவேன்." "தூங்குங்க. நடந்தா நடங்க. நாடா எங்கிட்ட இருக்கு." "நீயும் அசந்துட்டா?" "அசந்தேன்ல இப்ப, சுண்டுச்சுல்ல. எந்திரிச்சேன்ல."  உள்ள வந்தாக. நான் கதவ நகத்துனேன், அம்மாடி, என்ன கனம், கடைசியில டப்புன்னு ஒட்டுச்சு, கடலு பேச்சு பாதி வார்த்தையில நின்னு போச்சு. காதுக்குள்ள ஒரே நிசப்தம். பெறகு மேல எங்கயோ ஏசி இருமிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுச்சு. ரெண்டு நாற்காலியையும் இழுத்துக் கதவுல சாத்தி முட்டுக் குடுத்தேன், இவுகளும் ஒரு கை புடிச்சாக, தனக்குத் தானே வேலி போடுற மாடு உலகத்துலயே இதான்னு சொன்னேன், சிரிச்சாக. இந்தத் தடவை செவுத்தோரம் படுத்தாக, நான் கதவோரம். "ஊருக்குப் போனதும் செல்வராணி சொன்ன டாக்டரப் பாப்போம்"னேன். நக்கல் ஒண்ணும் சேக்காமச் சொன்னேன், நாக்கு கோணிக்கிச்சு. "ம்"னாக. அந்த "ம்" முடியிறதுக்குள்ள கொறட்டை. நெசக் கொறட்டை, மொதல்ல ஒரு இழுப்பு, நடுவுல ஒரு தடங்கல், பெறகு கொதிக்கிற இட்லிச் சட்டி மாதிரி. எத்தனை நாளுத் தூக்கமோ. நான் கேட்டுக்கிட்டே கெடந்தேன். கதவு மூடியிருக்கு. நாற்காலி இருக்கு. நாடா இருக்கு. எல்லாம் இருக்கு, ஆனாலும் நெஞ்சு படபடங்குறது நிக்கல, நிக்கணும்னு நான் சொல்லவும் இல்ல, ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல. அப்ப கொறட்டை நின்னுச்சு. பாத்தேன். கண்ணு மூடித்தான் இருக்கு. ரெண்டு கை மட்டும் போர்வைக்கு மேல எந்திரிச்சு வருது, உள்ளங்கை மேல பாத்து, மெதுவா, எதையோ தூக்குது. நான் மந்திரம் சொல்லல. நாடா கட்டுன கையத் தூக்கி அந்த ரெண்டு கை மேலயும் வச்சேன், எங்கனத்த எல்லாம் அதுல வச்சேன். கொஞ்ச நேரம் முக்கிப் பாத்துச்சு கையி. இன்னிக்கு ஷட்டரு ரொம்பக் கனம்னு நெனச்சிருப்பாக போல, அப்பிடியே எங்கையோட சேந்து கீழ எறங்கிருச்சு.